நெய்வேலி நிலத்தடி நீரும் ஆராய்ச்சிக் குறிப்பேடும்

ஆராய்ச்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவன அச்சேறிய கட்டுரைகளும், பட்டம் பெறுதற்கு எழுதப்பெறும் ஆய்வுரைகளுமே. அவை மரத்தின் கனிகள் போல்வன. கனி கண்ணுக்குத் தோன்றுகிறது. அதற்கு உணவூட்டிய வேரோ மண்ணுள் மறைந்து கிடக்கிறது. ஆராய்ச்சியாளர் நாள்தோறும் அளந்த அளவுகள், எண்ணிய எண்கள், எடுத்த படங்கள், கேட்டெழுதிய சொற்கள், ஒப்புநோக்கிய பாடங்கள் ஆகிய இவையே அவ்வேர். இக்காலத்தார் இவற்றை ஒருசேரத் தரவு என்று வழங்குவர். ஆராய்ச்சியின் முடிவு அச்சேறி நூல்நிலையம் புகுகிறது. தரவோ, பட்டம் பெற்ற மறுநாளே மேசையறையிலோ பழுதுற்ற கணிப்பொறியிலோ கிடந்து அழிகிறது. அவ்வழிவைத் தடுப்பது எங்ஙனம், தரவை முன்கூட்டியே திட்டமிட்டுப் பேணி எல்லார்க்கும் பயன்படத் திறந்து வைப்பது எங்ஙனம் என்பவற்றையே இக்கட்டுரையில் யாம் விளக்கப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவார்க்கும் இடையே விடை கூறுவோம்.

ஒரு பொருளைப் பொதுப்படப் பேசுவதினும் ஓரிடத்தின்மேல் வைத்துப் பேசுவது தெளிவு தரும். கடலூர் மாவட்டத்து நெய்வேலி அதற்கு ஏற்ற இடம். அவ்வூர் குறிப்புகளின்மேல் எழுந்த ஊர். 1934, 1935-ஆம் ஆண்டுகளை ஒட்டி, ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, நீரோடு கரிய பொருளும் கலந்து வெளிவரக் கண்டார். கண்டவர் வாளா இராது அரசாங்கத்தார்க்கு அறிவித்தார். பின்னர் 1940-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினரும் சென்னை அரசாங்கத்தாரும் அப்பகுதியிற் பல துளைகளை இட்டுப் பழுப்பு நிலக்கரி மிகுதியாக உண்டு என்று துணிந்தனர். 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் ஜவஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-இல் அக்கரியிலிருந்து மின்சாரம் பிறந்தது.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. துளையிடுவோர் எந்த ஆழத்தில் மணல், எந்த ஆழத்திற் களிமண், எந்த ஆழத்திற் கரி என்று மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி எழுதுவர். ஒரு துளையின் குறிப்பு நிலத்தின் ஒரு புள்ளியை மட்டுமே காட்டும். பல துளைகளின் குறிப்புகளை ஒரு வரைபடத்தில் இணைத்து நோக்கிய பின்னரே கரிப்படுகை எவ்வளவு பரந்தது, எவ்வளவு தடித்தது, எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பன புலனாம். துளையிட்ட இடம் இன்னது, அவ்விடத்துத் தரைமட்டம் இன்னது என்னும் இரண்டு செய்திகள் விடுபட்டாற் போதும். எத்துணைப் பாடுபட்டு இட்ட துளையாயினும் அதன் குறிப்பு ஊமையாகிவிடும். அளவு என்பது எண் மட்டும் அன்று. எங்கே, எப்போது, எதனால், எவ்வாறு அளக்கப்பட்டது என்னும் நான்கும் சேர்ந்ததே அளவு.

இனி நீரைப் பற்றிப் பேசுவோம். நெய்வேலியில் கரிப்படுகையின் கீழே நீர் தாங்கும் மணற்படுகை உள்ளது. அங்குள்ள நீர் மேலுள்ள படுகைகளால் அடைபட்டு மிகுந்த அழுத்தத்தோடு நிற்கிறது. முற்காலத்தில் அப்பக்கங்களில் துளையிட்டால் ஏற்றமும் இறைவையும் இன்றி நீர் தானே பொங்கி எழுந்தமைக்குக் காரணம் இவ்வழுத்தமே. திறந்த சுரங்கம் தோண்டுவோர்க்கு இந்நீர் பெருந்தடையாயிற்று. மேலுள்ள மண்ணை அகற்றினால், அடியிலுள்ள நீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலெழக்கூடும். ஆதலின் ஆழ்குழாய்களை அமைத்து இரவும் பகலும் நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பின்னரே கரியை வெட்டுகின்றனர். எங்கு எவ்வளவு இறைத்தால் அழுத்தம் எவ்வளவு தணியும் என்பதை அறிய, சுற்றிலும் உள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை இடைவிடாது அளத்தல் வேண்டும். அவ்வளவுகள் இன்றேல் சுரங்கம் இல்லை. சுரங்கம் இன்றேல் நெய்வேலி நகரியம் இல்லை.

இதே நீர்மட்டம் சுற்றுப்புறச் சிற்றூர்களின் உயிர்நாடியாகவும் இருக்கிறது. உழவர்க்குக் கிணற்று நீரே முதல். தம் கிணறு ஆண்டுக்காண்டு ஆழ்ந்து போகிறது என்று ஒருவர் முறையிடுவார். மழை குறைந்ததும் மோட்டார்கள் மிகுந்ததுமே காரணம் என்று மற்றொருவர் மறுமொழி கூறுவார். 2023 ஆகஸ்டு மாதத்தில் பூவுலகின் நண்பர்கள் என்னும் அமைப்பு, நெய்வேலி, பரங்கிப்பேட்டைப் பகுதிகளின் நீரும் மண்ணும் மாசுபட்டமை பற்றி ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. அச்செய்தியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இவ்வழக்குகளில் எவர் கூற்று மெய் என்று தீர்ப்பது எம் வேலையன்று. அதற்கு வேண்டிய புலமையும் எமக்கில்லை. ஆயினும் ஒன்று மட்டும் துணிந்து சொல்லலாம். இத்தகைய வழக்கு எழும்போது இருசாராரும் தேடுவது பழைய அளவுகளையே. முப்பது ஆண்டுகட்கு முன் இக்கிணற்றில் நீர் எவ்வளவு ஆழத்தில் நின்றது என்பதற்கு எண் இல்லையேல், முதியோரின் நினைவும் இளையோரின் ஐயமுமே எஞ்சும்.

மற்றெல்லாப் பொருள்களையும் இழந்தால் மீண்டும் ஈட்டலாம். உடைந்த கருவிக்கு மாற்றாக வேறு கருவி வாங்கலாம். கிழிந்த நூலுக்கு வேறு படி தேடலாம். நேற்றைய நீர்மட்டத்தையோ இன்று ஒருவராலும் அளக்க இயலாது. இதுவே தரவைப் பேணுதற்கு முதற் காரணம்.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தார் நாடெங்கும் தேர்ந்தெடுத்த கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளந்து வருகின்றனர். அஃது அரும்பணியே. எனினும் ஒவ்வோர் ஊரின் ஒவ்வொரு தெருவுக்கும் அது எட்டாது. எட்டாத இடங்களிலே கல்லூரி மாணவர்தம் சிறு முயற்சிகள் பெரும்பயன் தரக்கூடும். மாணவர் இருவர் நெய்வேலியை அடுத்த சிற்றூர்களில் இருபது கிணறுகளை ஓராண்டு அளக்கப் புகுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அளவுநாடாவைக் கையில் எடுப்பதற்கு முன் அவர்கள் எழுதி முடிக்க வேண்டுவது ஒரு திட்டம். அமெரிக்க நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவனம், தன்னிடம் பொருளுதவி வேண்டுவோர் இரண்டு பக்கத்துக்கு மேற்படாத தரவுத் திட்டம் ஒன்றை விண்ணப்பத்தோடு இணைத்தல் வேண்டும் என்று 2011 ஜனவரி முதல் விதித்தது. நம் மாணவர்க்கு ஒரு பக்கமே போதும். அதில் ஐந்து வினாக்களுக்கு விடை இருத்தல் வேண்டும்.

முதல் வினா, எதனை அளப்போம் என்பது. நீர்மட்டம் என்று மட்டும் எழுதினாற் போதாது. தரையிலிருந்து நீர் வரையுள்ள ஆழமா, கைப்பிடிச் சுவரின் விளிம்பிலிருந்து உள்ள ஆழமா? ஒருவர் தரையிலிருந்தும் மற்றவர் விளிம்பிலிருந்தும் அளந்தால், சுவரின் உயரம் நீரின் தாழ்வாக மாறிப் பொய் சொல்லும். மீட்டரா, அடியா? மோட்டார் ஓடி நின்று எவ்வளவு நேரம் கழித்து அளந்தது? இறைத்த உடனே அளந்தால் நீர் தாழ்ந்தே காணும். இரவெல்லாம் ஊறிய பின் விடியலில் அளந்தால் உயர்ந்து காணும். இவற்றை முன்னரே வரையறுத்தல் வேண்டும்.

இரண்டாம் வினா, எவ்வாறு எழுதுவோம் என்பது. ஒரு வரிசைக்கு ஓர் அளவு, ஒரு பத்திக்கு ஒரு செய்தி என்பது விதி. கிணறு வற்றியிருந்தமையும், அன்று ஒருவரும் அளக்கப் போகாமையும் வெவ்வேறு செய்திகள். இரண்டுக்கும் சுழியம் இட்டால் பின்வருவோர் மயங்குவர். நீர் விளிம்பு வரை நிறைந்திருந்தது என்றும் கொள்ளக்கூடும். ஆகவே வற்றியதற்கு ஒரு குறியும் அளவாமைக்கு வேறொரு குறியும் வகுத்துக்கொள்ளல் வேண்டும். எண் பிழையென்று பின்னர்த் தோன்றினால் அதனை அழித்துவிடலாகாது. முதலில் எழுதிய படியை அவ்வாறே விட்டு, திருத்திய படியை வேறாக எழுதி, திருத்தியதன் காரணமும் நாளும் குறித்தல் வேண்டும்.

மூன்றாம் வினா, எப்பெயரால் வழங்குவோம் என்பது. ஒரே பெயருடைய ஊர்கள் நம் நாட்டிற் பல; குப்பம் என முடியும் ஊர்களுக்கு அளவில்லை. மாவட்டப் பெயர்களும் மாறுவன. 1993-க்கு முன் எழுதிய குறிப்புகளில் நெய்வேலி தென்னார்க்காடு மாவட்டத்ததாகக் காணும். அதன் பின்னரே கடலூர் மாவட்டம் எனக் காணும். இரண்டும் ஓரிடமே என்று அறியாத கணிப்பொறி அவற்றை ஈரிடமாகக் கணக்கிடும். எனவே ஒவ்வொரு கிணற்றுக்கும் மாறாத எண் ஒன்று இட்டு, அட்சரேகை தீர்க்கரேகைகளையும் குறித்தல் வேண்டும்.

நான்காம் வினா, எங்கே வைப்போம் என்பது. ஒரே இடத்தில் வைத்த பொருள் ஒரே நாளில் அழியும். படிகள் மூன்று வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். எழுதும் வடிவும் எளியதாக இருத்தல் நன்று. ஒரு நிறுவனத்தின் ஒரு மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்பு, அந்நிறுவனம் மறைந்தால் தானும் மறையும். இதனைத் தமிழர் நன்கு பட்டறிந்துள்ளோம். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்க் கணிப்பொறியில் தமிழ் எழுதியோர் ஆளுக்கொரு எழுத்துருவைக் கையாண்டனர். அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் அவர்தம் கட்டுரைகள் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்த பின்னரும், பழைய கோப்புகள் பல மாற்றுவாரின்றிக் கிடக்கின்றன.

ஐந்தாம் வினா, யாருக்கு, எப்போது திறப்போம் என்பது. இதனைச் சற்று விரிவாகப் பின்னர்க் கூறுவோம்.

நிற்க. இவையெல்லாம் விஞ்ஞான மாணவர்க்கு உரியன, இலக்கிய மாணவர்க்கு இவற்றால் ஆவதென்ன என்று நம் நண்பர் சிலர் கருதக்கூடும். அவர்க்கு இரண்டு சான்றுகளைக் காட்டுவோம். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டனர். அவர் பதிப்புகளின் முன்னுரைகளைப் படித்தோர், ஏட்டுப் பிரதிகள் இன்னின்னார் உதவியவை என்று நன்றியோடு குறித்திருப்பதைக் கண்டிருப்பர். ஏடுகளில் வேறுபட்டுக் காணும் பாடங்களையும் அவர் மறைத்தாரல்லர். பாடபேதம் எனக் காட்டினார். ஐயரவர்கள் கொண்ட பாடத்தை ஏற்காத புலவர் ஒருவர், அவர் காட்டிய வேறு பாடத்தையே கைக்கொண்டு அவரை மறுக்கலாம். தம்மை மறுத்தற்கு வேண்டிய கருவியையும் தாமே கொடுத்துச் செல்லும் பெருந்தன்மையே திறந்த தரவின் உயிர். அவர் 1942-இல் மறைந்த பின், 1943-இல் அவர் பெயரால் நிறுவப்பெற்ற நூல்நிலையம் அவர் தொகுத்த ஏடுகளைப் பேணி வருகிறது. ஆதலின் இன்றும் ஒருவர் சென்று ஒப்புநோக்க இயலும்.

மற்றொரு சான்று தரங்கம்பாடியினது. 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1708-இல் அவற்றுக்கு ஓர் அட்டவணை எழுதினார். நூற்பெயர்களோடு ஒவ்வொரு நூலும் எப்பொருளைப் பற்றியது என்பதையும் அதிற் குறித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் தொகுத்த ஏடுகள் இன்று ஒருங்கே கிடைத்தில. அட்டவணையோ நின்றது. முந்நூறு ஆண்டுகட்கு முன் தமிழ் நாட்டின் ஒரு மூலையில் மக்கள் எந்நூல்களைக் கற்றனர் என்பதை இன்று நாம் அறிவது அவ்வட்டவணையால் அன்றோ! தரவைப் பற்றிய குறிப்பு, தரவே அழிந்த பின்னும் பேசும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

குறித்து வைத்தவர் கருதாத பயனும் பின்னர் விளைவதுண்டு. கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தார் 1904 முதல் கதிரவனை நாள்தோறும் படம் எடுத்து வந்தனர். அங்கிருந்த ஜான் எவர்ஷெட் என்பார் 1909-இல் கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் ஓடும் முறையைக் கண்டறிந்தார். அப்பயன் அவர் காலத்திலேயே விளைந்தது. ஆயினும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்குவன. அவ்வகைச் சுழற்சிகள் பலவற்றை ஒப்பிட ஒரு மனிதரின் வாழ்நாள் போதாது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் அப்பழைய கண்ணாடித் தகடுகளைக் கணிப்பொறிப் படங்களாக மாற்றி உலக அறிஞர்க்கு வழங்கியமையால், நூறாண்டுக் கதிரவன் வரலாறு இன்று ஒரு மாணவரின் மேசைமேல் விரிகிறது. தகட்டின் ஓரத்தில் நாளும் நேரமும் குறித்தவர், நூறாண்டு கழித்து எவர் அதைப் படிப்பார் என்று அறிந்திரார். அறியாமலே அவர்க்கு உதவினார்.

இனித் திறந்து வைத்தலைப் பற்றிக் கூறுவோம். 2016-இல் அறிஞர் பலர் கூடி வெளியிட்ட நெறிகள் உலகெங்கும் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. தரவு தேடினாற் கிடைப்பதாக இருத்தல் வேண்டும். பெறும் வழி தெளிவாக இருத்தல் வேண்டும். பிற தரவுகளோடு பொருந்துவதாக இருத்தல் வேண்டும். மீண்டும் பயன்படுத்தத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்னும் நான்குமே அவை. நம் நாட்டிலும் இதற்கு வழி வகுத்துள்ளனர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகள் ஆய்வுரைகளை மின்வடிவிற் சேர்க்கப் பணித்தன. அவற்றைச் சோத்கங்கா என்னும் மின்தொகுப்பில் எவரும் படிக்கலாம். அரசாங்கப் பொருளால் திரட்டிய தரவுகளைப் பகிர்வதற்கு மத்திய அரசு 2012-இல் ஒரு கொள்கை வகுத்தது. ஆயினும் ஆய்வுரை கிடைக்கும் அளவுக்கு, அதன் அடியில் உள்ள எண்கள் கிடைப்பதில்லை. கட்டடம் நிற்கிறது; அடித்தளத்தைப் பார்க்க வாயில் இல்லை.

இதற்குத் தடையாக நிற்பன சில அச்சங்கள். நாம் பாடுபட்டுத் திரட்டியதைப் பிறர் கவர்ந்து பெயர் பெறுவரே என்பது ஒன்று. இவ்வச்சம் இயல்பே. தம் கட்டுரை அச்சேறும் வரை தரவை மூடி வைத்தற்கு ஒரு கால எல்லை குறித்துக்கொள்ளலாம்; அதன் பின் நிலையான அடையாள எண்ணோடு களஞ்சியத்திற் சேர்த்தால், எடுத்தாள்வோர் திரட்டியவர் பெயரைக் குறிக்கக் கடப்பாடுடையர். பிழை வெளிப்படுமே என்பது மற்றோர் அச்சம். வெளிப்பட்ட பிழை திருந்தும். மறைந்த பிழையோ பிறர் முடிவுகளிலும் நஞ்சாய்ப் பரவும்.

மூன்றாவதாகிய அச்சமோ மதிக்கத் தக்கது. திறந்த தரவு பிறர்க்குத் தீங்கு செய்தலாகாது. இன்னாருடைய கிணற்றில் நீர் கெட்டது என்று பெயரோடு வெளியிட்டால், அவர் நிலத்தின் விலை வீழும். அண்டை வீட்டார் பகைக்கவும் கூடும். நோயுற்றோர் பெயர், குடும்ப வருமானம் முதலியன ஒருபோதும் வெளியாகலாகாதவை. 2023-இல் இயற்றப்பெற்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதனை நினைவூட்டுகிறது. ஆதலின் அளப்பதற்கு முன்னரே உழவரிடம், இவ்வெண் எங்குச் செல்லும், எவர் காண்பர் என்று அவர்க்கு விளங்கும் தமிழிற் சொல்லி இசைவு பெறுதல் வேண்டும். ஆண்டிறுதியில் அவர் கிணற்றின் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் கையிலும் கொடுத்தல் வேண்டும். ஊராரிடம் எண்ணைப் பெற்றுச் சென்று, ஊரார்க்கு ஒன்றும் திருப்பித் தாராத ஆராய்ச்சியைத் திறந்த ஆராய்ச்சி என்று எங்ஙனம் அழைப்பது?

நம் கல்லூரி இதன்கண் செய்யத்தக்கன பொருட்செலவு மிக்கன அல்ல. ஆய்வேடு எழுதும் ஒவ்வொரு மாணவரும் தொடக்கத்திலேயே ஒரு பக்கத் தரவுத் திட்டத்தைத் தம் ஆசிரியரிடம் கொடுக்கலாம். ஏட்டை ஒப்படைக்கும் நாளில் அதன் தரவையும், அத்தரவை விளக்கும் குறிப்பையும் நூல்நிலையத்தில் ஒப்படைக்கலாம். நூல்நிலையத்தார் அவற்றுக்கு ஓர் அட்டவணை வைக்கலாம். தமிழ் மாணவர் நெய்வேலிச் சுற்றுவட்டத்தில் மண்வகைகளுக்கும் நீர்நிலைகளுக்கும் உழவர் வழங்கும் சொற்களைக் கேட்டெழுதி, சொன்ன ஊரும் நாளும் குறித்து அவ்வட்டவணையிற் சேர்க்கலாம். நிலம் சுரங்கத்துக்குச் சென்று ஊர் பெயர்ந்தால், அவ்வூரோடு வழங்கிய சொற்களும் பெயர்ந்துவிடும். அவையும் நேற்றைய நீர்மட்டம் போல்வனவே.

ஓராண்டு மாணவர் அளந்து சென்ற கிணறுகளை அடுத்த ஆண்டு மாணவர் தொடர்ந்து அளந்தால், பத்தாண்டில் எம் போன்ற சிறியோர் கைகளாலேயே ஓர் அரிய வரலாறு உருவாகும். ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் தொடர்தற்கு வேண்டுவது ஒன்றே: முன்னவர் எழுதியது பின்னவர்க்கு விளங்குதல் வேண்டும். தாலந்தை நிலத்திற் புதைத்த ஊழியனின் உவமையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். அவன் அதைக் களவு செய்தானல்லன், இழந்தானும் அல்லன், பத்திரமாகவே வைத்திருந்தான். ஆயினும் பழிக்கப்பட்டான், ஒருவர்க்கும் பயன்படாமல் வைத்தமையால். மாணவ நண்பர்காள்! வரும் ஆண்டில் ஆய்வு தொடங்குவோர் முதல் அளவை எடுப்பதற்கு முன் அந்த ஒரு பக்கத்தை எழுதுங்கள். நாம் முகமறியாத ஒரு மாணவர் ஒருநாள் அதைத் திறந்து பார்த்து, தம் வேலையைத் தொடங்குவார்.